பெறுநர்

மனு எழுத உட்காரும்போது என் கை நிற்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். 'அனுப்புநர்' எழுதுவதில் சிக்கல் இல்லை. எதிரில் இருப்பவரின் பேர், வீட்டு எண், ஊர், தபால். 'பொருள்' என்ன என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு வரி கேட்டால் அரைமணி நேரம் சொல்வார்கள். அதிலிருந்து நான் ஒரு வரியை எடுத்துக்கொள்வேன். 'பெறுநர்' என்று எழுதி அடிக்கோடு போட்ட பிறகுதான் பேனா நின்றுவிடும். மாண்புமிகு அமைச்சர் அவர்கள். சரி, எந்த அமைச்சர்?

கன்னியாகுமரி மாவட்டம் புதுக்கடையில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கூடவே மனு, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற வேலை. தெற்கே போனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடற்கரை ஊர்கள். வடக்கே போனால் தென்னை, அப்புறம் ரப்பர். ஆகவே ஒரே காலையில் சுறாவுக்குப் போகிற விசைப்படகுக்காரரும் வருவார், பால் வெட்டு முடித்து ஒட்டுப்பால் மணத்தோடு ரப்பர்காரரும் வருவார். இருவருக்கும் நான் எழுதுகிற கடுதாசி டெல்லிக்குத்தான் போகும். டெல்லியில் எங்கே என்பதில்தான் அது ஜெயிப்பதும் தோற்பதும்.

2018-ல் ஓணம் கழிந்த வாரம் கடற்கரையிலிருந்து ஒரு மாமி வந்தார். துணிக்கடைப் பை ஒன்றை மேசைமேல் வைத்து உள்ளிருந்து மூன்று கடிதங்களை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிய ஆரம்பித்திருந்தன. முந்தின வருடம் ஒக்கிப் புயலில் அவருடைய மகன் போன படகு கவிழ்ந்து, வேறொரு படகுக்காரர்கள் அவனைக் கரைசேர்த்தார்கள். கரையிலிருந்து வெகுதூரம் போகிற படகுகளுக்குச் செய்தி சொல்ல ஒரு கருவி வேண்டும் என்பது மனு. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருந்தார்கள். முதல் அலுவலகம், இந்தப் பொருள் எங்கள் பணி வரம்பில் இல்லை என்று பதில் போட்டிருந்தது. இரண்டாவது அலுவலகம், உரிய துறைக்கு அனுப்பியுள்ளோம் என்றது. அந்த 'உரிய துறை' மூன்றாவது கடிதத்தில், இதை முதல் அலுவலகம்தான் பார்க்க வேண்டும் என்று முடித்திருந்தது.

"மக்களே, கடலு ஒண்ணுதானே. அதுக்கு எதுக்கு இத்தன ஆபீசு?" என்று மாமி கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்று அவருக்கு நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாருங்கள் மாமி என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளில் ஆரம்பித்த படிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மத்திய அமைச்சரவை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, ஒரு காகிதம் அதற்குள் எப்படி நகர்கிறது என்பதை, மனு எழுதுகிற ஒருவனின் இடத்திலிருந்து எனக்குப் புரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் எல்லோரையும் சேர்த்து 'மத்திய அமைச்சரவை' என்று சொல்லிவிடுகிறோம். அரசியலமைப்பின் 74-ஆம் பிரிவு சொல்வது அமைச்சர்கள் குழு. பிரதமரைத் தலைவராகக் கொண்டு, குடியரசுத் தலைவருக்கு உதவியும் ஆலோசனையும் சொல்கிற குழு. இது பெரியது. அதற்குள்ளே இருக்கிற சின்ன வட்டம்தான் கேபினட் என்கிற அமைச்சரவை. 2024 ஜூன் 9 அன்று பதவியேற்றவர்களை எண்ணினால் பிரதமரோடு சேர்த்து 72 பேர். அதில் கேபினட் அமைச்சர்கள் 30 பேர். தனிப் பொறுப்புடன் கூடிய இணை அமைச்சர்கள் 5 பேர். வெறும் இணை அமைச்சர்கள் 36 பேர். புதன்கிழமைகளில் பெரும்பாலும் நடக்கிற அந்தக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி உட்காருவது பிரதமரும் அந்த முப்பது பேரும்தான்.

தனிப் பொறுப்பு என்றால், அவருக்கு மேலே கேபினட் அமைச்சர் கிடையாது. அமைச்சகத்தை அவரே நடத்துவார். ஆனாலும் கேபினட் கூட்டத்துக்கு அவர் தானாகப் போக முடியாது. அவருடைய பொருள் வரும்போது அழைத்தால் போகலாம். மற்ற இணை அமைச்சர்கள் ஒரு கேபினட் அமைச்சருக்குக் கீழே, அவர் பிரித்துக் கொடுக்கிற வேலையைப் பார்ப்பவர்கள். துணை அமைச்சர் என்று இன்னொரு படியும் உண்டு, இப்போது அதில் யாரும் இல்லை.

இந்த வேறுபாடு எங்கள் மாவட்டத்துக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2014 முதல் 2019 வரை எங்கள் தொகுதி உறுப்பினர் பொன். ராதாகிருஷ்ணன் மத்திய இணை அமைச்சர். கப்பல், சாலை, கடைசியில் நிதி என்று பல அமைச்சகங்களில் இருந்தார். அந்த ஐந்து வருடமும் என்னிடம் வந்த பாதிப்பேர், "நம்ம மந்திரிக்கு எழுதும், அவரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது" என்றுதான் சொன்னார்கள். நானும் எழுதினேன். இணை அமைச்சர் என்பவர் கேபினட் மேசையில் இல்லை, அவருக்கு மேலே ஒருவர் உண்டு, பெரிய முடிவு அந்த ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மனுக்களை இரண்டு பேருக்குமாக எழுதியிருப்பேன்.

எத்தனை அமைச்சர்கள் இருக்கலாம் என்பதற்கு முன்னெல்லாம் எல்லை கிடையாது. 2003-ல் வந்த 91-ஆவது திருத்தம்தான் மக்களவை எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 543 இடங்களுக்கு அது 81 பேர். நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாதவரும் அமைச்சராகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்கு வந்துவிட வேண்டும். எல். முருகன் 2021 ஜூலையில் இணை அமைச்சரானபோது எந்த அவையிலும் இல்லை. செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். அவருக்குக் கொடுத்த பொறுப்புகளில் மீன்வளமும் ஒன்று என்பதால் எங்கள் கரையில் அந்தச் செய்தியை எல்லோரும் படித்தோம்.

இதெல்லாம் ஆட்களின் கணக்கு. மனு எழுதுகிறவனுக்கு அதைவிட முக்கியம் பொருள்களின் கணக்கு. அது வேறொரு இடத்தில் இருக்கிறது: 1961-ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகள். அரசியலமைப்பின் 77-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் பேரில் போடப்பட்டவை. முதல் அட்டவணையில் அமைச்சகங்கள், துறைகளின் பட்டியல். இரண்டாவது அட்டவணையில், எந்தத் துறைக்கு எந்தப் பொருள் என்று வரிவரியாக. இணையத்திலேயே கிடைக்கிறது. நான் அதை அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டு வைத்திருக்கிறேன். கடையில் எனக்கு அதிகம் உதவுகிற புத்தகம் அதுதான். எந்த அமைச்சகத்தையும் பிரிக்கவோ சேர்க்கவோ பேர் மாற்றவோ இந்த விதிகளைத் திருத்தினால் போதும். நாடாளுமன்றத்தில் சட்டம் போட வேண்டியதில்லை. கப்பல் அமைச்சகம் 2020-ல் துறைமுகங்கள், கப்பல், நீர்வழிகள் அமைச்சகம் ஆனதும், 2021-ல் கூட்டுறவுக்கென்று புது அமைச்சகம் வந்ததும் இப்படித்தான். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என் சுருள்கம்பிப் புத்தகத்தைப் புதிதாக அச்செடுக்கிறேன்.

அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்தைச் சுற்றி வந்தால் பல விஷயங்கள் தெளிவாகும். ஒரு தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மரமும் காயும் வேளாண் அமைச்சகத்தின் கீழ். தென்னை வளர்ச்சி வாரியம் அங்கேதான் இருக்கிறது. காயை உரித்துப் போட்ட கதம்பை, கயிறாகப் போகிற நிமிடத்திலிருந்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்துக்குப் போய்விடுகிறது, ஏனென்றால் கயிறு வாரியம் அவர்களுடையது. உள்ளே இருக்கிற பருப்பைக் காயவைத்துக் கொப்பரையாக்கினால், அதற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை முடிவு செய்வது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. ஒரே காய், ஒரே முற்றம், மூன்று வாசல்.

ரப்பர்காரர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். நிலத்தில் நிற்கிற மரம், விவசாயி வளர்க்கிற மரம், ஆனால் ரப்பர் வாரியம் இருப்பது வணிக அமைச்சகத்தின் கீழ். தேயிலை, காபி, நறுமணப் பொருள் வாரியங்களும் அங்கேதான். ஷீட் விலை சரிந்த ஒரு வருடம் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் வேளாண் அமைச்சருக்கு ஏற்கெனவே நான்கு மனு அனுப்பியிருந்தார். நாலு மனுவும் எங்கோ கிடக்கும். அட்டவணையில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் வெவசாயி இல்லியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. ஒதுக்கீட்டு விதியின் ஒரு வரி ஒரு மனிதரின் அடையாளத்தைத் தொடுகிற அளவுக்குப் போகும் என்று அன்றுதான் கண்டேன்.

மணவாளக்குறிச்சி மணல் இன்னொரு கதை. அங்கே அரிய மணல் ஆலை அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிற பொதுத்துறை நிறுவனத்துடையது. அணுசக்தியும் விண்வெளியும் வழக்கமாகப் பிரதமரே வைத்துக்கொள்கிற துறைகள். ஆக, கரையோர மணலைப் பற்றிய கடுதாசி நேராகப் பிரதமர் பொறுப்பிலிருக்கிற துறைக்குப் போகிறது. முட்டம் கலங்கரை விளக்கம் துறைமுக அமைச்சகம். இதையெல்லாம் வழக்கமாகவே எழுதிப் பழகிவிட்டேன். கடல்தான் பழகவில்லை.

மாமியின் மனுவுக்குத் திரும்பி வருகிறேன். 2017 நவம்பர் 30-ஆம் தேதி. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் மரம் விழாத தெரு இல்லை. ஆனால் கரையில் இருந்தவர்களின் கவலை மரத்தைப் பற்றியதாக இல்லை. தூத்தூர் பக்கத்துப் படகுகள் ஒருநாள் மீன்பிடிக்கிறவை அல்ல. சுறாவுக்கும் சூரைக்கும் நாள் கணக்கில், ஒரு மாதத்துக்கு மேல்கூடத் தங்கிப் பிடிப்பவர்கள். புயல் உருவாகும் முன்பே போய்விட்டார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். கடலுக்கு நீதி கேட்டு ரயிலை மறித்தார்கள், அரசு என்பது கண்ணுக்குத் தெரிகிற இடம் அங்கே அது ஒன்றுதான்.

இப்போது அந்தக் கடலை அட்டவணையில் தேடுங்கள். புயல் எச்சரிக்கை வானிலை ஆய்வுத் துறையுடையது. அது புவி அறிவியல் அமைச்சகம். கடல் நிலையைக் கணித்துச் சொல்கிற ஐதராபாத் மையமும் அதே அமைச்சகம். தேடிப் போகிற கப்பலும் விமானமும் கடற்படை, கடலோரக் காவல்படை. அது பாதுகாப்பு அமைச்சகம். பேரிடர் நிவாரணம் உள்துறை. செயற்கைக்கோள் விண்வெளித் துறை, அதாவது பிரதமர். வேறு நாட்டுக் கடலுக்குள் அடித்துக்கொண்டு போனால் வெளியுறவு. மீன்பிடித் தொழில் அப்போது வேளாண் அமைச்சகத்துக்குள், கால்நடை பராமரிப்பு, பால்வளம், மீன்வளத் துறை என்ற ஒரு துறையில். மாடு, பால், அதற்கப்புறம் மீன். போதாததற்கு, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்வளம் மாநிலத்தின் பொருள். அதற்கப்பால் மத்திய அரசின் பட்டியலில் 57-ஆவது இனம். எங்கள் படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பிடிப்பவை.

மாமியின் மூன்று கடிதங்களில் எதுவுமே பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு அலுவலகமும் தன் அட்டவணையைப் பார்த்துச் சரியாகவே பதில் போட்டிருந்தது. கேட்ட பொருள் மூன்று துறைகளின் வரிகளுக்கு நடுவில் இருந்தது. கருவி ஒருவருடையது, செயற்கைக்கோள் இன்னொருவருடையது, படகு மூன்றாமவருடையது. அப்படிப்பட்ட பொருளை யாராவது ஒருவர் தன்னுடையது என்று கையிலெடுத்து, மற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் நகரும்.

அதற்கென்றே இருக்கிறது கேபினட். இங்கே நான் கொஞ்சம் நிதானமாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பத்திரிகையில் 'அமைச்சரவை ஒப்புதல்' என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகிற விஷயம் இது. ஒரு அமைச்சகம் ஒரு திட்டத்தைக் கொண்டுவர நினைத்தால் முதலில் ஒரு குறிப்பு தயாரிக்கும். அமைச்சரவைக் குறிப்பு என்று பேர். அந்தப் பொருளில் கைவைத்திருக்கிற மற்ற அமைச்சகங்களுக்கெல்லாம் வரைவு போகும். பணம் என்றால் நிதி அமைச்சகம், சட்டம் என்றால் சட்ட அமைச்சகம். யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள், அதற்குப் பதில் என்ன என்பதையும் குறிப்போடு சேர்க்க வேண்டும். அது அமைச்சரவைச் செயலகத்துக்கு வந்து, அங்கிருந்து அமைச்சர்களுக்குப் போகும். செயலகத்தின் தலைவர் அமைச்சரவைச் செயலர், நாட்டின் அதிகாரிகளில் மூத்தவர். அமைச்சகங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் தலைமையில் செயலாளர்கள் குழு உட்காரும். பெரிய பேரிடரிலும் தேசிய நெருக்கடி மேலாண்மைக் குழுவை நடத்துபவர் அவரே. மேசைக்கு வருமுன்பே பாதிச் சண்டை இந்த அறைகளில் தீர்ந்துவிடும்.

எல்லாப் பொருளும் முழு அமைச்சரவைக்கு வருவதில்லை. அமைச்சரவைக் குழுக்கள் இருக்கின்றன. பாதுகாப்புக்கான குழுவில் பிரதமரோடு பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள். நியமனங்களுக்கான குழுவில் பிரதமரும் உள்துறை அமைச்சரும் மட்டும். கொப்பரை விலை வருகிற பொருளாதாரக் குழுவைச் சொன்னேன். மற்றவற்றை விட்டுவிடுகிறேன், ஆட்சிக்கு ஆட்சி கூடும் குறையும்.

இந்த முறையில் ஒரு விதி எனக்குப் பயம் தருவது. அமைச்சரவை எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று சொல்கிற அலுவல் நடத்தை விதிகள் தனியாக உண்டு; அவற்றின் 12-ஆவது விதி, தேவைப்பட்டால் பிரதமர் இந்த விதிகளைத் தாண்டிப் போகலாம், அமைச்சரவை பிறகு ஒப்புதல் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் அமைச்சர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகு 1978-ல் வந்த 44-ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்துப்பூர்வமாக வந்தால் தவிர நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது என்று 352-ஆம் பிரிவில் சேர்த்தது. 'கேபினட்' என்ற சொல்லே அப்போதுதான் முதன்முறையாக அரசியலமைப்புக்குள் நுழைந்தது. காகிதத்தில் எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு 'எழுத்துப்பூர்வமாக' என்ற அந்த ஒரு சொல்லில் பெரிய மரியாதை உண்டு. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எழுதிக் கொடு என்று கேட்கிறது அது.

இனி மாமியின் கேள்வி. கடல் ஒன்றுதானே என்றார். அரசியலமைப்பின் 75-ஆம் பிரிவில் அவருக்குப் பதில் இருக்கிறது: அமைச்சர்கள் குழு மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. கூட்டாக. அட்டவணை வேலையைப் பிரிக்கிறது, பொறுப்பைப் பிரிக்கவில்லை. ஒரு அமைச்சகத்தின் முடிவு எல்லோருடைய முடிவும். பிடிக்கவில்லை என்றால் உள்ளே சொல்லலாம்; வெளியே வந்து சொல்ல வேண்டுமானால் பதவியை விட்டுவிட வேண்டும். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் எரிந்துகொண்டிருந்தபோது சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கொடுத்தது இந்த முறையின்படிதான். சி.எஸ். பார்த்துக்கொண்டிருந்தது உணவும் வேளாண்மையும். மொழி அவருடைய அட்டவணையில் எங்கேயும் கிடையாது. ஆனாலும் இந்தியை ஆட்சிமொழியாக்கும் அந்த முடிவில் தனக்கும் பங்கு இருக்கிறது, அதனால் அதைச் சுமந்துகொண்டு உட்கார முடியாது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பிரதமர் உறுதி கொடுத்தார், இருவரும் தொடர்ந்தார்கள்.

தன் துறையில் நடந்ததற்குத் தானே பொறுப்பேற்பது வேறு வகை. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே நவம்பர் முதல் தேதிதான் எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது கொடியேற்றமும் அந்த ரயிலும் ஒன்றாகவே வரும்.

காமராஜரையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. 1963-ல் அவர் சொன்ன யோசனையின்படி ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் பதவி விலகிக் கட்சி வேலைக்குப் போனார்கள். முதலமைச்சர் பதவியை விட்ட ஆறு பேரில் அவரும் ஒருவர். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது, 1971-லும் அனுப்பியது. இரண்டு பிரதமர்களைக் கொண்டுவந்தவர் என்று பேர் வாங்கியவர், மத்திய அமைச்சரவையில் ஒருநாளும் உட்காரவில்லை. எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள், "அவருக்கு எழுதினா பதில் வரும்" என்று இன்றும் சொல்வார்கள். அமைச்சராக இல்லாதவருக்கு எழுதிய மனு அது.

ஒக்கிக்குப் பிறகு, அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் கரைக்கு வந்தார். அட்டவணைப்படி அவருடையது கப்பலும் விமானமும். மக்கள் கேட்டது எச்சரிக்கை ஏன் வரவில்லை, காணாமல் போனவர் எங்கே, குடும்பத்துக்கு யார் வழி செய்வது என்று எல்லாவற்றையும். அது முறையான கேள்வி என்று நான் இப்போது உறுதியாகச் சொல்வேன். ஒரு மத்திய அமைச்சர் ஒரு கிராமத்துக்கு வரும்போது அமைச்சரவையே வந்து நிற்கிறது. 75-ஆம் பிரிவைப் படிக்காமலே எங்கள் பெண்கள் அதைச் சரியாகக் கேட்டார்கள்.

மீனவர்கள் வெகுகாலமாகக் கேட்டது தனி அமைச்சகம். 2019 பிப்ரவரியில் மீன்வளம் தனித் துறையானது. அந்த வருடத் தேர்தலுக்குப் பிறகு மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம் என்று தனி அமைச்சகமே வந்தது. இப்போது மீன் முதலில் நிற்கிறது. இது பேருக்கு நடந்த மாற்றம் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தனி அமைச்சகம் என்றால் கேபினட் மேசையில் அந்தப் பொருளைப் பேச ஒரு ஆள். அதற்கென்று ஒரு செயலாளர். குறிப்பு எழுதி மற்றவர்களுக்கு அனுப்பி, 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்கிற உரிமை. 2020 மே மாதம் 20,050 கோடி ரூபாயில் மீன்வளத்துக்கான பெரிய திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாடுகளுக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தால் அந்தக் குறிப்பு அவ்வளவு சீக்கிரம் மேசைக்கு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதேசமயம் வானிலை இன்றும் புவி அறிவியல்தான், காவல்படை இன்றும் பாதுகாப்புதான். அது அப்படித்தான் இருக்கும். மீன்பிடிக்கிறவருக்காக ஒரு செயற்கைக்கோளையும் ஒரு கப்பற்படையையும் மீன்வள அமைச்சகத்துக்குள் கொண்டுவர முடியாது. நடுவில் கிடந்த அந்தக் கருவியை யார் கையிலெடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது. 2023-ல் அமைச்சரவை ஒப்புதல் வந்தது: ஒரு லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாயில், கைப்பேசி எட்டாத கடலிலும் இருபக்கமும் செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர். கருவியை உருவாக்கியது விண்வெளித் துறை, திட்டம் மீன்வள அமைச்சகத்தினுடையது. மாமியின் மனுவில் இருந்த அதே பொருள். அவர் மனுவால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், அப்படி ஆயிரம் மனுக்கள் போயிருக்கும். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்று என் கையெழுத்தில் இருந்தது.

2018-ல் அந்த இரண்டு நாள் கழித்து மாமி வந்தபோது மனுவை இப்படி எழுதினேன். பெறுநர்: மாண்புமிகு பிரதமர் அவர்கள், அமைச்சர்கள் குழுவின் தலைவர். கீழே, நகல்: வேளாண் அமைச்சர், புவி அறிவியல் அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், அமைச்சரவைச் செயலர். ஒவ்வொரு நகலிலும் அந்தந்தத் துறைக்கு அட்டவணையில் இருக்கிற வரியைக் குறிப்பிட்டு, உங்கள் பங்கு இது, மற்றவர்கள் பங்கு இது, கூடி முடிவெடுங்கள் என்று ஒரு பத்தி சேர்த்தேன். மாமி எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார். "இது கொள்ளாம். ஒருத்தரு இன்னொருத்தர காட்ட முடியாதுல்லியா" என்றார். ஐந்து உறை, ஐந்து பதிவுத் தபால். ஒப்புகை அட்டைகளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் நடுங்கியது.

போன மாதம் மறுபடி வந்தார். மகன் படகில் டிரான்ஸ்பாண்டர் மாட்டியிருக்கிறார்கள், அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். காட்டிவிட்டு, இந்தத் தடவை வீட்டுக்குப் பின்னால் கடலரிப்பு என்றார். தடுப்புச் சுவரில் கல் சரிந்து, அலை தென்னை மூடு வரைக்கும் வருகிறது. நான் சுருள்கம்பிப் புத்தகத்தை எடுத்து, சுற்றுச்சூழல் எங்கே, நீர்வளம் எங்கே, எது மாநிலத்துக்கு என்று பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். மாமி துணிக்கடைப் பையைத் திறந்தார். அஞ்சு கவரைத் தபாலாபீசிலிருந்து ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.